மொட்டை டயருக்கு ரெண்டாவது ஆயுள்: சங்ககிரி ரீட்ரேட் பட்டறையில் ஒரு நாள்

இந்த எபிசோட்ல கோடிங் இல்லை, ஸ்டார்ட்அப் இல்லை. டயர். அதுவும் லாரி டயர். ஸ்கிப் பண்ணிடாதீங்க, பத்து நிமிஷம் குடுங்க.

பெங்களூர்ல இருந்து ஓசூர், கிருஷ்ணகிரி வழியா சேலம் பக்கம் போயிருந்தீங்கன்னா, ரோட்டோரத்துல கறுப்பா, நீளமா, முதலைத் தோல் மாதிரி ரப்பர் பட்டை கிடக்கறதைப் பார்த்திருப்பீங்க. ரெண்டு வருஷம் முன்னாடி கிருஷ்ணகிரி தாண்டி நான் பைக்ல வந்துட்டிருந்தப்ப, முன்னாடி போன லாரியோட பின் டயர்ல இருந்து அப்படி ஒரு பட்டை கழண்டு பறந்துச்சு. என் வண்டிக்கு ஒரு அடி தள்ளி விழுந்தது. ஓரமா நிறுத்திட்டு கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். டீக்கடைக்காரர் சொன்னார், “ரீசோல் டயருங்க தம்பி, அப்படித்தான் பிச்சுக்கிட்டுப் போகும்.” அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்: ரீசோல் டயர்ங்கறது காசை மிச்சம் பிடிக்க அடுத்தவன் உயிரோட விளையாடற வேலை.

இதுல ஒரு சிக்கல் என்னன்னா, என் மாமா லாரி ஓனர். அம்மாவோட தம்பி. சங்ககிரிக்காரர். அந்த ஊர்ல கல்லெடுத்து எறிஞ்சா லாரி ஓனர் வீட்டு மேலதான் விழும். சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு எல்லாம் லாரியையும் ரிக் வண்டியையும் நம்பியே வளர்ந்த ஊர்கள். பாடி கட்டறவங்க, பட்டறைக்காரங்க, டிங்கர், பெயின்டர், டயர் கடைன்னு ஒரு முழு உலகமே அங்க இருக்கு. மாமாகிட்ட ஒரே ஒரு பத்து வீல் வண்டி. அவரே ஓனர், பாதி நாள் அவரே டிரைவர்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப வண்டியைப் பார்த்தேன். பின்னாடி எட்டு டயர்ல ஆறு டயர் மொட்டை. பட்டன் சுத்தமா தேஞ்சிருந்துச்சு. எனக்கு போனஸ் வந்த நேரம். “மாமா, ஆறும் புதுசு வாங்கிக்கோங்க, காசு நான் தர்றேன்”னு பெரிய மனசோட சொன்னேன். மாமா சிரிச்சார். “மாப்ள, புது டயர் வாங்கறதே அடுத்து ரீசோல் போடறதுக்குத்தான்.”

எனக்குக் கோபம் வந்துடுச்சு. பைக் கதையைச் சொன்னேன். அவர் ஒண்ணும் பேசலை. உள்ள போய் ஒரு நீள நோட்டை எடுத்துட்டு வந்தார். ஒவ்வொரு டயரோட நம்பர், எந்த கிலோமீட்டர்ல மாட்டினது, எதுல கழட்டினது, எத்தனாவது ரீசோல், எல்லாம் எழுதி வெச்சிருக்கார். நான் ஆபீஸ்ல பார்க்கற பாதி டேட்டாபேஸை விட நல்லா இருந்தது. அவர் கணக்குப்படி அவருக்குப் புது ரேடியல் டயர் ஒண்ணு 22,000 ரூபாய், அவர் ஓட்டற ஓட்டத்துக்கு 80,000 கிலோமீட்டர் வருது. ரீட்ரேட் போட 6,500, அது 50,000 கிலோமீட்டர் வருது. கிலோமீட்டருக்கு 27.5 பைசாவுக்கு எதிரா 13 பைசா. இதுல பத்து டயர் ஓடுது. ஒரே வண்டி வெச்சு டியூ கட்டறவருக்கு அந்த வித்தியாசம்தான் வீட்டுச் செலவு.

“கணக்கு சரி மாமா, சேஃப்டி?”ன்னேன். “நாளைக்கு பட்டறைக்கு வா. நீயே பாரு”ன்னார்.

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன், இது தெரியாமதான் நான் இத்தனை நாள் தப்பா நினைச்சுட்டிருந்தேன். டயர்ங்கறது ஒரே ரப்பர் வளையம் இல்லை. தரையில படற பட்டன் பகுதி வேற, அதுக்கு அடியில இருக்கற உடம்பு வேற. அந்த உடம்புக்கு கேசிங்னு பேரு. ரேடியல் லாரி டயர்னா கேசிங்ல ஸ்டீல் கம்பி ஓடும், பட்டனுக்கு அடியில ஸ்டீல் பெல்ட் அடுக்கு இருக்கும், ரிம்மைப் பிடிச்சுக்கற விளிம்புல தடியான கம்பிக்கட்டு இருக்கும். பாரத்தைத் தாங்கறது கேசிங்கும் அதுக்குள்ள இருக்கற காத்தும்தான். பட்டன் செருப்போட அட்டை மாதிரி, தேயறதுக்குன்னே இருக்கு. ஐம்பது அறுபது கிலோ டயர்ல தேஞ்சு போறது சில கிலோ ரப்பர்தான். மிச்சத்தைத் தூக்கி எறியணுமாங்கறதுதான் கேள்வி. லாரி டயர் கம்பெனிகளே கேசிங்கை ஒண்ணுக்கு மேற்பட்ட ஆயுளுக்குத்தான் டிசைன் பண்றாங்க. நீங்க ஏறிப் போற விமானத்தோட டயரும் பல தடவை ரீட்ரேட் ஆனதா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. இதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் வெட்கமாத்தான் இருந்துச்சு.

சரி, பட்டறை. உள்ள நுழைஞ்சதும் ரப்பர் சூடான வாசனை. ஆறு டயரையும் உருட்டிட்டு வந்து வரிசையா வெச்சாங்க. இன்ஸ்பெக்‌ஷன் பண்றவர் ஐம்பது வயசு இருப்பார், எல்லாரும் அவரை “அண்ணன்”ங்கறாங்க. டயரை ஒரு மெஷின்ல ஏத்தி, விளிம்பை ரெண்டு பக்கமும் விரிச்சு, உள்ள லைட் அடிச்சுப் பார்க்கறார். பார்க்கறதை விடத் தடவறதுதான் அதிகம். வெறும் கையால உள் சுவர் பூராவும் தடவறார், கண்ணை மூடிட்டு. பெரிய பிளான்ட்கள்ல இதுக்கு லேசர் மெஷின் இருக்கு. டயரை வெற்றிடத்துல வெச்சு உள்ளடுக்கு எங்கயாவது உப்புதான்னு படம் எடுப்பாங்க. ஆணி ஓட்டையைக் கண்டுபிடிக்க ஹை வோல்டேஜ் ஸ்பார்க் விடற மெஷினும் உண்டு, ஓட்டை இருந்தா பொறி அது வழியாப் பாயும். இங்க அண்ணன் கை.

மூணாவது டயர்ல அந்தக் கை நின்னுச்சு. திரும்ப அதே இடத்துக்குப் போச்சு. “இது காத்து இல்லாம ஓடியிருக்குங்க”ன்னார்.

மாமா உடனே, “இல்லீங்களே, பஞ்சர் ஆனதும் நிறுத்திட்டமுங்க”ன்னார்.

அண்ணன் என்னைக் கூப்பிட்டு உள்ள விரலை வைக்கச் சொன்னார். பக்கச் சுவரோட உள்பக்கம் சுத்தி ஒரு சுருக்கம், நிறம் மாறி, விரல்ல கறுப்பா ரப்பர் தூள் ஒட்டுச்சு. காத்து கம்மியா இருக்கற டயர் பாரத்தோட ஓடறப்ப பக்கச் சுவர் ஒவ்வொரு சுத்துக்கும் மடங்கி நிமிருது. ஒரு சேஃப்டி பின்னை முன்னும் பின்னும் வளைச்சுட்டே இருந்தா என்ன ஆகும்? அதேதான் உள்ள இருக்கற ஸ்டீல் கம்பிக்கும். வெளிய பார்த்தா ஒண்ணும் தெரியாது. மறுபடி காத்து அடிக்கறப்ப ஒரு கம்பி போகும், அது தாங்கின பாரம் பக்கத்துக் கம்பிக்குப் போகும், அதுவும் போகும். ஜிப் பிரிக்கற மாதிரி வரிசையா கிழியும். இங்கிலீஷ்ல அதுக்குப் பேரே ஜிப்பர் ரப்ச்சர். பக்கத்துல நிக்கறவங்களைக் கொன்னுடற அளவுக்கு வேகம்.

“இது ரிஜெக்டுங்க.”

மாமா விடலை. “அண்ணா, பட்டன் போட்டுக் குடுங்க, லோடு கம்மியா இருக்கற ஆக்ஸில்ல உள் டயரா மாட்டிக்கறேன்.” அண்ணன் குரலை உயர்த்தவே இல்லை. “நான் போட்டுக் குடுத்துடலாமுங்க. ரெண்டு நாள்ல டெலிவரி. ஆனா இதுக்கு மொதல்ல காத்து அடிக்கப் போறது நீங்க இல்லீங்க. பஞ்சர் கடைப் பையன். அவன் இது மேல குனிஞ்சுட்டு நிப்பான்.”

மாமா அப்புறம் பேசலை. டயர் மேல சாக்பீஸ்ல ஒரு பெருக்கல் குறி.

மிச்சம் அஞ்சும் பஃபிங்குக்குப் போச்சு. டயரைக் காத்தடைச்சுச் சுத்த விட்டு, பல்லு பல்லா இருக்கற சுழலும் ரம்பத்தால பழைய பட்டனைச் செதுக்கறாங்க. புகையும் ரப்பர் தூளும் பறக்குது. இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. மழமழன்னு செதுக்கக் கூடாது. ரொம்ப வழவழப்பா இருந்தா ஒட்டாது, ரொம்பக் கரடா இருந்தா கிழிஞ்ச ரப்பர் துணுக்கு மேல ஒட்டின மாதிரி ஆயிடும். அந்தச் சொரசொரப்புக்கு அளவு பார்க்க மாதிரித் தகடே வெச்சிருக்காங்க. வளைவும், சுத்தளவும் கணக்கா வரணும்.

இங்கதான் ரெண்டாவது அடி. நாலு டயர் செதுக்கினதும் கறுப்பா சுத்தமா வந்துச்சு. ஒண்ணுல மட்டும் ஓர் இடத்துல செங்காவி நிறம். துரு. சின்னதா ஒரு ஆணி ஓட்டை. அதைச் சுத்தி சின்ன கிரைண்டரால தோண்டத் தோண்ட துரு பெல்ட்டுக்குள்ள பரவிட்டே போகுது. இவங்க இதை ஸ்கைவிங்னு சொல்றாங்க, பல் டாக்டர் சொத்தையைத் தோண்டற மாதிரிதான். சின்னக் காயம்னா சுத்தம் பண்ணி, ரப்பரால அடைச்சு, உள்பக்கம் பேட்ச் வெச்சு காப்பாத்திடலாம். இது உள்ளங்கை அகலத்துக்குப் போயிடுச்சு. ரிஜெக்ட்.

காரணம் கேட்டேன். மாமா டயர் டியூப் வெச்ச டயர். ஆணி ஏறினா பஞ்சர் கடையில டியூபுக்கு ஒட்டுப் போடுவாங்க, டயர்ல இருக்கற ஓட்டையை யாரும் கண்டுக்கறது இல்லை. டியூப் காத்தைப் பிடிச்சுக்குது, அதனால எல்லாம் சரியாயிட்டதா நினைச்சுக்கறோம். ஆனா ஒவ்வொரு மழைக்கும் தண்ணி அந்த ஓட்டை வழியா ஸ்டீல் பெல்ட்டைத் தொடுது. ஐம்பது ரூபா பேட்ச் போடாததால ஒரு கேசிங் போச்சு. நம்ம ஃபீல்டுல இதை டெக்னிகல் டெட்னு சொல்லி ஸ்லைடு போடுவோம். இங்க கையில துருவா ஒட்டுது.

தேறின நாலு டயருக்கும் ரப்பர் கரைசல் ஸ்ப்ரே பண்ணிக் காய வெச்சாங்க, குழியெல்லாம் அடைச்சாங்க. அப்புறம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. புதுப் பட்டன் நீளமான பட்டையா, முன்னாடியே வெந்து, டிசைனோட ரெடியா வருது. அதை டயர் மேல சுத்தறாங்க. ஆனா நேரடியா இல்லை. நடுவுல குஷன் கம்னு மெல்லிசா ஒரு வேகாத ரப்பர் ஷீட்.

ஏன் வேகாததுன்னு கேட்டீங்கன்னா, தோசையை நினைச்சுக்கோங்க. மாவு தோசை ஆகும், தோசை திரும்ப மாவு ஆகாது. ரப்பரும் அப்படித்தான். 1839-ல சார்லஸ் குட்இயர் கண்டுபிடிச்ச வல்கனைசிங் இதுதான்: ரப்பரோட கந்தகம் சேர்த்துச் சூடு பண்ணினா, ரப்பர் சங்கிலிகளுக்கு நடுவுல கந்தகம் பாலம் போட்டுடும். அப்புறம் அது உருகாது, பிளாஸ்டிக் மாதிரி உருக்கி வேற வடிவம் பண்ண முடியாது. பழைய கேசிங் வெந்த தோசை. புதுப் பட்டனும் வெந்த தோசை. ரெண்டு தோசையை எவ்வளவு அழுத்தினாலும் ஒட்டுமா? நடுவுல கொஞ்சம் மாவு ஊத்தி மறுபடி கல்லுல போட்டா ஒட்டும். அந்த மாவுதான் குஷன் கம். அது வேகறப்ப கந்தகப் பாலம் ரெண்டு பக்கமும் போடுது. அதனால இது பசை போட்டு ஒட்டறது இல்லை. சரியா நடந்தா, ஒட்டின கோடுன்னு தனியா ஒண்ணு இருக்காது.

சுத்தின டயருக்கு ரப்பர் உறை மாட்டி, உள்ள இருக்கற காத்தை உறிஞ்சிட்டு, பெரிய உருளையான சேம்பருக்குள்ள வரிசையாத் தொங்க விடறாங்க. நூறு டிகிரிக்குப் பக்கத்துல சூடு, நல்ல அழுத்தம், மூணு நாலு மணி நேரம். இதுக்குப் பேரு கோல்ட் பிராசஸ். நூறு டிகிரி எப்படிங்க கோல்டுன்னு கேட்டா, பழைய முறையில அச்சுக்குள்ள வெச்சு 150 டிகிரிக்கு வேக வைப்பாங்க, அதோட ஒப்பிட்டா இது கோல்ட். சூடு கம்மின்னா பழைய கேசிங்குக்கு அடி கம்மி. பெர்னார்ட் நோவாக்னு ஒரு ஜெர்மன்காரர் உருவாக்கின முறை இது. 1957-ல ராய் கார்வர்னு ஒரு அமெரிக்கர் உரிமை வாங்கிட்டுப் போய், பேண்டாக்னு கம்பெனி வெச்சு உலகம் பூரா கொண்டு போனார்.

நம்ம ஊர்க் கதையும் இருக்கு. எம்ஆர்எஃப் தெரியும்ல, கிரிக்கெட் பேட்ல பார்த்தே வளர்ந்தோம். 1946-ல கே.எம். மாமன் மாப்பிள்ளை மெட்ராஸ் திருவொற்றியூர்ல பொம்மை பலூன் செய்ய ஆரம்பிச்ச கம்பெனி அது. 1952-ல ட்ரெட் ரப்பருக்கு வந்தாங்க, அதாவது இந்த ரீட்ரேட் போடற ரப்பருக்கு. டயர் செஞ்சதெல்லாம் அதுக்கப்புறம்தான். இன்னிக்கும் கோயம்புத்தூர் எல்ஜி ரப்பர் இந்த வேலைக்கான மெஷினும் ரப்பரும் செய்யுது. நம்ம அரசு பஸ் கழகங்களே சொந்தமா ரீட்ரேட் யூனிட் வெச்சிருக்காங்க. நீங்க காலேஜ் போன டவுன் பஸ் ரீசோல்லதான் ஓடியிருக்கும்.

சேம்பர் வேகற நேரத்துல டீ. அண்ணன்கிட்ட என் பைக் கதையைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “அந்தப் பட்டையில கம்பி இருந்துச்சுங்களா?”

யோசிச்சேன். இருந்துச்சு. ஓரத்துல கம்பி நீட்டிட்டு இருந்தது, அதைப் பார்த்துதான் எனக்கு உதறலே எடுத்துச்சு.

“அப்ப ஒட்டு விடலைங்க. ஒட்டு விட்டா ரப்பர் மட்டும் வழிச்ச மாதிரி சுத்தமா வரும். கம்பியோட பிச்சுக்கிட்டு வந்தா கேசிங்கே போச்சுன்னு அர்த்தம். காத்து கம்மி, இல்லேன்னா ஓவர்லோடு. புது டயரும் அப்படித்தான் போகும்.” வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். அமெரிக்க சாலைப் பாதுகாப்பு அமைப்புக்காக மிச்சிகன் பல்கலைக்கழகம் ரோட்டோர டயர் துண்டுகளைச் சேகரிச்சு ஆராய்ஞ்சிருக்கு, 2008-ல அறிக்கை வந்திருக்கு. அவங்க முடிவும் கிட்டத்தட்ட இதேதான்: ரோட்டுல கிடக்கற துண்டுகள்ல ரீட்ரேட் அளவுக்கு மீறி இருக்கறதா சொல்ல ஆதாரம் இல்லை. அதே சமயம், அமெரிக்காவுல பஸ்ஸோட முன் சக்கரத்துக்கு ரீட்ரேட் போடக் கூடாதுன்னு சட்டமும் இருக்கு. முன் டயர் போச்சுன்னா ஸ்டியரிங் போச்சு. மாமாவும் முன்னாடி ரீசோல் போடறதே இல்லை. சட்டம் படிச்சு இல்லை, பயந்துதான்.

ஆனா ஒண்ணு. அண்ணன் மாதிரி ரிஜெக்ட் பண்ற ஆளு இருக்கற பட்டறைக்குத்தான் இந்த நல்ல பேச்செல்லாம் பொருந்தும். ரிஜெக்ட் ஆன ரெண்டு கேசிங்கையும் ஏத்தறப்ப, வாசல்ல நின்ன ஒருத்தர் மாமாகிட்ட மெதுவா ஒரு ஊர்ப் பேரைச் சொல்லி, “அங்க குடுங்க, கேள்வி கேக்காம போட்டுடுவாங்க, விலையும் ஆயிரம் கம்மி”ன்னார். மாமா தலையாட்டினார். எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது. கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கலை.

வீட்டுக்குப் போற வழியில மாமாவே ஆரம்பிச்சார். “அது நான்தான் மாப்ள ஓட்டுனது.” ஓசூர்கிட்ட ராத்திரி ரெண்டு மணிக்குக் காத்து இறங்கியிருக்கு. ஜோடி டயர்ல உள் டயர். ஆள் நடமாட்டம் இல்லாத இடம், நிறுத்தினா டீசலும் தார்ப்பாயும் போயிடும்னு பயம். வெளி டயர் தாங்கும்னு பன்னெண்டு கிலோமீட்டர் அப்படியே ஓட்டிட்டார். நோட்டுல அதை எழுதலை. எல்லாத்தையும் எழுதற மனுஷன், அதை மட்டும் எழுதலை.

ரெண்டு புது டயருக்கு 44,000 நான் குடுத்தேன். அது முன்னாடி ஏறிச்சு, முன்னாடி இருந்த பாதி தேஞ்ச ரெண்டும் பின்னாடி வந்துச்சு, நாலு ரீசோலும் சேர்ந்துச்சு. நோட்டோட கடைசிப் பக்கத்துல என் பேரைப் போட்டு ‘கைமாத்து’ன்னு எழுதிக்கிட்டார். வேண்டாம்னா கேக்கலை.

பொங்கலுக்குத் திரும்பப் போனப்ப முதல் வேலையா அந்த ரெண்டு கேசிங்கைத் தேடினேன். துரு பிடிச்சது எடைக்குப் போயிடுச்சாம், பெல்ட்டை அறுத்துட்டுத்தான் குடுத்தாராம். காத்து இல்லாம ஓடினது மாட்டுக் கொட்டாய்கிட்ட கிடந்துச்சு, பக்கச் சுவரை ரெண்டு இடத்துல கத்தியால கிழிச்சிருந்தார். “அப்படியே எடைக்குப் போட்டா எவனாவது ரீசோல் போட்டு வித்துடுவான் மாப்ள”ன்னார். இப்ப அதுக்கு நடுவுல கன்னுக்குட்டிக்குத் தவிட்டுத் தண்ணித் தொட்டி உட்கார்ந்திருக்கு.

இப்ப ஞாயித்துக்கிழமை ஆனா எனக்கு வாட்ஸ்அப்ல ஒரு ஃபோட்டோ வருது. நோட்டுப் பக்கம், பத்து டயரோட காத்து அளவு. போன வாரம் ஆறாம் நம்பர் கொஞ்சம் கம்மியா இருந்துச்சு. ஃபோன் போட்டேன். “வால்வுல லேசா லீக்கு, மாத்திட்டேன், நீ வேலையைப் பாரு”ன்னார்.

அடுத்த எபிசோட்ல பேட்டரி பத்திப் பேசலாம். வர்றேன்.